ஏழாம் எண் போட்டோ ஸ்பாட்

பிப்ரவரி 9, திங்கள்

இந்த டைரி எனக்கு வந்தது இல்லை. வாட்டர் தீம் பார்க்கில் வேலை செய்கிற எல்லாருக்கும் வருசத்துக்கு ஒன்று கொடுப்பார்கள். பொங்கலுக்கே தர வேண்டியது, இன்றைக்குத்தான் வந்தது. வரிசையில் நின்றேன். "அஞ்சலாட்சி, ஹவுஸ்கீப்பிங்" என்று கூப்பிட்டு ஒன்று கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து "எழிலரசி, லைஃப் கார்டு" என்று கூப்பிட்டார்கள். லிஸ்டில் இருந்து இன்னும் பேரை எடுக்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பப் போய்க் கையை நீட்டினேன்.

என்னுடையதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என் மகளுடையதில் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுதி எழுதிப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

லேடீஸ் டாய்லெட் நான்கு தடவை கழுவினேன். அலைக்குளத்து ஓரம் பாசி பிடித்திருக்கிறது. பிளீச்சிங் போட்டேன். கண் எரிகிறது.

பிப்ரவரி 12, வியாழன்

மேனேஜர் சம்பத் சார் ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினோரு வருசத்தில் முதல் தடவை.

மகளிர் தினத்துக்கு, கேட்டில் இருந்து அலைக்குளம் வரைக்கும் பத்து போட்டோ ஸ்பாட் வைக்கிறார்களாம். சரித்திரத்தில் பேர் வாங்கின பெண்கள். குதிரை மேல் ராணி, முதல் பெண் டாக்டர், விமானம் ஓட்டினவர், கொடி பிடித்து ஜெயிலுக்குப் போனவர். ஜனங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஏழாவது எழில்.

"உன் பொண்ண ராணிங்களுக்குச் சமமா நிறுத்தறோம்மா. எத்தினி பேருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை?" என்றார்.

சிலைக்குக் கீழே வைக்கிற போர்டைப் படித்துக் காட்டினார். அலைக்குளத்தில் மூழ்கிய குழந்தையைக் காப்பாற்றித் தன் உயிரைத் தந்த வீரமங்கை எழிலரசி, வயது இருபத்தொன்று.

"எந்தக் கொழந்த சார்?" என்று கேட்டேன்.

"போர்டுல கொழந்தன்னா கொழந்த. அத்த ஏன் நோண்டுற?"

நான்தான் துணியை இழுத்துத் திறந்து வைக்க வேண்டுமாம். அதற்குப் பிறகும் டாய்லெட் வேலை வேண்டாமாம். புதுப்புடவை கட்டிக்கொண்டு சிலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். "பெத்தவளும் கூட நின்னா ஜனங்களுக்கு ஒரு இது" என்றார்.

எழில் எந்தக் குழந்தையையும் காப்பாற்றவில்லை. தண்ணீரில் மூழ்கவும் இல்லை. இதை இங்கேதான் முதல் தடவை எழுதுகிறேன். அந்தப் போர்டு வந்துவிட்டால் அவள் செத்தது அப்படித்தான் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு நான் வாயால் சொன்னாலும் எடுபடாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

நல்ல கூட்டம். ஆறு பேர் வாந்தி. துடைத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

லாரியில் சிலைகள் வந்தன. எல்லாம் பைபர். வைக்கோல் சுற்றி, வாய் வரை டேப் ஒட்டி, கடத்திக்கொண்டு வந்த ஆட்களைப் போல் அடுக்கியிருந்தார்கள். ராணியின் வாள் உடைந்துவிட்டது. இறக்குகிறவன் பசை தடவி ஒட்டினான்.

ஏழாம் எண்ணைப் பிரித்தார்கள். முகம் எழில் இல்லை. ஐடி கார்டு போட்டோவைப் பார்த்துச் செய்தார்களாம். எழில் முழங்கால் வரைக்கும் கறுப்புப் பேண்ட் போடுவாள். இதற்குத் தொடை தெரிகிற நிக்கர். மார்பை எதற்கு அவ்வளவு பெரிசாக வைத்தான் என்று கேட்க வாய் வரவில்லை. கேமரா வேலை பார்க்கிற தில்ஷாத் கேட்டாள். "செஞ்சவன் வீட்ல அக்கா தங்கச்சி யாருமில்லையா?"

இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இரும்புக் கம்பி. வருகிறவர்கள் தங்கள் குழந்தையை அந்தக் கைகளில் படுக்க வைத்துப் படம் எடுக்கலாமாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

பம்ப் ரூமில் எலி. வைப்பர் கட்டையால் அடித்தேன். அது செத்து வெகுநேரம் ஆகியும் அடித்துக்கொண்டிருந்தேன் என்று தில்ஷாத் சொல்கிறாள். கையைப் பிடித்து நிறுத்தினாளாம். எனக்கு நினைவில்லை. தரையை இரண்டு தடவை கழுவினேன். கட்டை பிளந்துவிட்டது, ஸ்டோரில் வேறு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். ஐந்தரைக்கு பார்க் மூடியாகிவிட்டது. நான் சலவை ரூமில் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். குளத்துப் பக்கம் எழிலின் விசில் கேட்டது. ஒரு தடவை நீளமாக. அப்புறம் இரண்டு. யாரோ வெளியே வராமல் அடம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். தினமும் நடக்கிறதுதான். மூன்றாவது விசில் பாதியில் நின்றது. நான் மடித்துக்கொண்டே இருந்தேன். எண்பது துண்டு பாக்கி இருந்தது.

குளத்தில் இருந்தது நிதினும் அவனோடு வந்த மூன்று பேரும். நிதின் முதலாளியின் தம்பி மகன். குடித்துவிட்டு இறங்கியிருந்தார்கள். வெளியே வாருங்கள் என்று சொன்னாள். ஒரு பெண் விசில் ஊதி அவனை வெளியே கூப்பிடுவதா? இதுதான் நடந்தது என்று பார்க்கில் எல்லாருக்கும் தெரியும். யார் கேட்டாலும் எவருக்கும் தெரியாது.

பார்க் காரிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தண்ணீரில் மூழ்கினாள் என்று சீட்டு வாங்கி, ஒன்பது மணிக்குள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள்.

நானும் என் நாத்தனாரும்தான் குளிப்பாட்டினோம். முன்பல் இரண்டு இல்லை. கழுத்தில் இந்தப் பக்கம் நான்கு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல். விலாவில் செருப்பின் அடிப்பக்கம் பூப்பூவாகப் பதிந்திருந்தது. நாத்தனார் "ஐயோ, அடிச்சிக் கொன்னுட்டாங்கடி" என்று கத்த வாயைத் திறந்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். மஞ்சளைக் கரைத்துக் கழுத்தில் அப்பினேன். தெரிந்தது. மறுபடியும் அப்பினேன்.

ஏனென்றால் அதற்கு முன்னாலேயே, மூழ்கித்தான் செத்தாள் என்று சம்பத் சார் நீட்டின பேப்பரில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

சம்பத் சாரிடம் போனேன். "போர்ட மாத்துங்க சார். கொழந்தைய எடுத்துடுங்க. செத்துப் போனான்னு மட்டும் போடுங்க, போதும்."

கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கையெழுத்து யார் போட்டது?"

"நான்தான்."

"அப்புறம் இன்னா? நல்லாக் கேட்டுக்க. பார்க் மூடினதுக்கு அப்புறம் நாலு ஆம்பளைங்க கூட உன் பொண்ணுக்குக் குளத்துல இன்னா வேலன்னு ஊரு கேக்கும். இன்னா பதில் சொல்லுவ? இப்ப அவ வீரமங்கை. வேணாம்னா சொல்லு, வேற மாதிரியும் எழுதலாம்."

அன்றைக்கும் இதே பேச்சைத்தான் சொன்னார். அதற்குப் பயந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து வாளியை எடுத்துக்கொண்டு டாய்லெட்டுக்குப் போனேன். ஆசிட்டை மூக்கு எரிகிற வரைக்கும் ஊற்றித் தேய்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

துணியை இழுத்தேன். கை தட்டினார்கள். யாரோ ஒரு அம்மா மைக்கில், பெண் குலத்துக்கே பெருமை என்றார். என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சம்பத் சார் எதிரிலேயே நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நன்றி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேசரி கொடுத்தார்கள்.

மார்ச் 11, புதன்

பத்து மணியில் இருந்து ஐந்தரை வரைக்கும் நிற்கிறேன். புடவை நீலம். இன்றைக்குப் பதினாறு குழந்தைகளை எழிலின் கையில் படுக்க வைத்தார்கள். ஒன்று மூத்திரம் போனது. வயசுப் பையன்கள் வந்தால் அதன் இடுப்பில் கை போடுகிறார்கள், மார்பில் கன்னத்தை வைக்கிறார்கள். தில்ஷாத், "தம்பி, அம்மா பக்கத்துல நிக்கிறாங்க" என்றால், "அப்ப அம்மாவுக்கும் ஒண்ணு எடு" என்று சிரிக்கிறார்கள். சாயந்திரம் கழுவும்போது முதலில் அங்கேதான் தேய்க்கிறேன். பெயிண்ட் போகிறது.

எங்களுக்கு எதிரில் இரண்டாம் எண். இது மட்டும் சிலை இல்லை, பலகையில் ராணி உடம்பை வரைந்து முகத்துக்கு ஓட்டை விட்டிருக்கிறார்கள். மத்தியானம் ஒருத்தி அதில் முகத்தை விட்டுச் சிரித்துக்கொண்டே நின்றாள். புருசன் கூப்பிட்டான். "மகாராணி, போதும், வெளிய வாடி."

"இருங்க, இன்னொண்ணு எடுக்கட்டும்."

நேராகப் போய் ஓட்டைக்குள் இருந்த முகத்தில் அறைந்தான். அவளால் சட்டென்று தலையை எடுக்க முடியவில்லை. காதுத் தோடு பலகையில் மாட்டிக்கொண்டது. அந்த நிலையிலேயே இன்னொன்றும் அறைந்தான். வாளைத் தூக்கிப் பிடித்த ராணி உடம்பு, அதற்கு மேலே மூக்கில் ரத்தம் ஒழுகும் முகம். வரிசையில் இருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"சார், இதுவும் கேமராவுல விழுந்துடுச்சி. பிரிண்ட் போடவா?" என்றாள் தில்ஷாத்.

"வாயை மூடிக்கினு வேலையப் பாரு" என்று அவளை அடிக்க வந்தான். நான் நடுவில் போய் நின்றேன். என் தோளில் ஒரு குத்து விட்டுவிட்டு மனைவியை இழுத்துக்கொண்டு போனான். தோள் வீங்கியிருக்கிறது.

எட்டு பேர் இருந்தோம். எனக்கு அந்தப் பாதி விசில் கேட்டது.

மார்ச் 13, வெள்ளி

தில்ஷாத் சாப்பிடும்போது திடீரென்று அழுதாள். எழில் செத்த அன்றைக்கு அவள் கேமரா ரூமைப் பூட்டக் கிளம்பிக்கொண்டிருந்தாளாம். ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். "நாலு பேரும்தான்க்கா. நிதின் கழுத்த புடிச்சிக்கினு இருந்தான். நான் கதவ உள்பக்கம் தாப்பா போட்டுக்கினேன். என்ன செருப்பால அடிங்க" என்றாள்.

நான் அடிக்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைக்கு நிதின் வருகிறானாம். ஏழாம் எண்ணை இரண்டு தடவை கழுவச் சொன்னார்கள். கழுவினேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

இந்தப் பத்தொன்பது நாளும் டைரி தில்ஷாத்திடம் இருந்தது. நேற்று ஜாமீனில் வந்தேன். என் தம்பி ஏழுமலைதான் ஆள் பிடித்துக் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்தான். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு நிதின் வந்தான். பின்னால் ஏழெட்டுப் பேர், வீடியோ எடுக்க ஒருத்தன். பார்க்கின் விளம்பரத்துக்காம். ஒவ்வொரு ஸ்பாட்டிலும் நின்று பேசிக்கொண்டே வந்தான். ராணியிடம் கும்பிட்டான். டாக்டரிடம் நாக்கை நீட்டினான். ஏழாம் எண்ணுக்கு வந்தான். போர்டைச் சத்தமாகப் படித்தான். குழந்தை என்கிற இடத்தில் அவனுக்கே சிரிப்பு வந்தது.

"வாங்க ஆன்ட்டி, நீங்களும் நில்லுங்க" என்று என் தோளில் கை போட்டான். வீங்கின தோள்.

வீடியோ எடுப்பவன், "பாஸ், கையில கொழந்த இல்லையே" என்றான்.

"நான்தான்டா கொழந்த" என்று சொல்லிவிட்டு அப்படியே ஏறி அந்தக் கைகளில் படுத்துக்கொண்டான். கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, "என்னையும் காப்பாத்து எழிலு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கம்பி வளைந்தது. வலது கை தோளோடு பிய்ந்து, அவனும் சிலையும் கீழே விழுந்தார்கள். அவன் எழுந்து சிலையின் மேல் உட்கார்ந்துகொண்டான். "அன்னைக்கும் இப்பிடித்தான், சீக்கிரம் ஒடஞ்சிட்டா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். எனக்குக் கேட்டது. அவன் முழங்கால் அதன் கழுத்தில் இருந்தது.

வரிசைக் கயிறு கட்டுகிற ஸ்டீல் கம்பம் ஒன்று பக்கத்தில் நின்றது. அடியில் இட்லிச் சட்டி அகலத்துக்கு இரும்புத் தட்டு. தலைகீழாகத் தூக்கினேன். அவ்வளவு கனம் என்று தூக்கும்போது தெரியவில்லை. முதல் அடி வாயில். பல் என் புடவையில் தெறித்தது. இரண்டாவது, தடுக்க வந்த கையில். மட்டையை முறித்த மாதிரி சத்தம். மூன்றாவது காதில். "அம்மா" என்று கத்தினான். அவன் கத்தினது எனக்கு நன்றாகக் கேட்டது. நிறுத்தலாம் என்று தோன்றவில்லை. நான்காவதுக்கு ஓங்கும்போது செக்யூரிட்டி ஆட்கள் நான்கு பேர் என்னைக் கீழே தள்ளி முதுகில் ஏறி மிதித்தார்கள். என் கீழ் உதடு கிழிந்தது. ஐந்து தையல்.

வருத்தம் இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு சம்பத் சார் ஓடி வந்தார். "புத்தி சரியில்லாதவன்னு எழுதிக்கலாம் சார், பொண்ணு போனதுல இருந்தே இப்பிடித்தான். கேஸே வேணாம், முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினார். ஆனால் நிதினின் அப்பா விடவில்லை. "என் புள்ள வாய உடைச்சவ ஜெயிலுக்குப் போவணும்" என்றார். கேஸ் கொடுத்தே தீருவேன் என்று நின்றார். சம்பத் சார் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் சம்பத் சாரைக் கன்னத்தில் அறைந்தார்.

கேஸ் எழுதினார்கள். ரைட்டர் கேட்டார். "எதுக்கும்மா அடிச்ச? காரணம்னு ஒண்ணு போடணும்."

சொன்னேன். விசிலில் இருந்து மஞ்சள் வரைக்கும். அவர் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். மறுநாள் காலை ஜட்ஜ் அம்மா முன்னால் நிறுத்தினார்கள். "போலீஸ்ல அடிச்சாங்களா? ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அவர் எல்லாரிடமும் கேட்பது போலத்தான் கேட்டார்.

"எம் பொண்ண நாலு பேரு அடிச்சிக் கொன்னாங்கம்மா. மூழ்கிட்டான்னு நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். காயத்த மஞ்சள் பூசி மறைச்சேன். அதுக்கும் என் மேல கேஸ் போடுங்க. ஆனா அவ இன்னும் மண்ணுல இருக்கா. தோண்டிப் பாருங்க."

ஜட்ஜ் அம்மா நிமிர்ந்தார். "எரிக்கலையா?"

எரிக்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணை எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை, புதைப்பதுதான். எழில் செத்த அன்றைக்கே, காஸ் வைத்து எரிக்கிற சுடுகாட்டுக்கு சம்பத் சார் வேன் பேசி வைத்திருந்தார். எல்லாச் செலவும் பார்க் செய்கிறது என்றார். ஏழுமலைதான், "கன்னிப் பொண்ண நெருப்புல வெச்சா குடும்பம் வெளங்காது, போய்யா" என்று வேனைத் திருப்பி அனுப்பினான். அவனுக்கு அப்போது வேறு எதுவும் தெரியாது. முறைக்காகத்தான் சண்டை போட்டான்.

நான் சொன்னதை எல்லாம் ஜட்ஜ் அம்மா எழுதச் சொன்னார். முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னார். நின்று கேட்டேன். தோண்டிப் பார்த்து விசாரிக்கச் சொல்லி அதைத் தாசில்தாருக்கு அனுப்பினார்.

ஜெயிலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அங்கேயும் டாய்லெட்தான் கழுவினேன்.

தில்ஷாத் அங்கே மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாள். தாலுக்கா ஆபீசில் போய்த் தான் பார்த்ததைச் சொல்லிவிட்டாளாம். வேலை போய்விட்டது. "தாப்பாள தொறந்துட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

வியாழக்கிழமை தோண்டுகிறார்கள். நான் வர வேண்டாம் என்கிறான் ஏழுமலை. "அஞ்சு மாசம் ஆயிடுச்சி, நீ பாக்கக் கூடாதுக்கா."

பெற்றபோது பார்த்தேன். குளிப்பாட்டும்போதும் பார்த்தேன். இப்போது மட்டும் எதற்குப் பார்க்கக் கூடாது?

ஏப்ரல் 9, வியாழன்

காலை எட்டு மணிக்குத் தாசில்தார் வந்தார். டாக்டர் ஒருவர், அவருக்கு ஒரு ஆள், போலீஸ், எங்கள் ஊர்த் தலையாரி. தார்ப்பாய் கட்டி மறைத்தார்கள். அவளுக்கு மேலே வைத்து மூடின பலகையில் மண்வெட்டி இடித்த சத்தம் கேட்டதும் ஏழுமலை வாந்தி எடுத்தான். நாற்றத்தை எழுதவில்லை. நான் முந்தானையை மூக்கில் வைக்கவில்லை. வைத்தால் அவளுக்கு என்ன தோன்றும்?

மஞ்சள் எல்லாம் போய்விட்டது. மறைக்க ஒன்றும் பாக்கி இல்லை.

டாக்டர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துச் சொன்னார். அவர் ஆள் எழுதினான். மேல் முன்பல் இரண்டு வேரோடு இல்லை. கழுத்துக்குள் இருக்கிற சின்ன எலும்பு ஒடிந்திருக்கிறது. "மூழ்கிச் செத்தா இது ஒடியாது. நெரிச்சாத்தான்." விலா நான்கு, இடது பக்கம்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். இந்த ஐந்து மாதமும் ஒரே ஒரு படம்தான் என் கண்ணில் ஓடியது. கையெடுத்துக் கும்பிட்டு, விட்டுவிடச் சொல்லி அழுதிருப்பாள். என்னைக் கூப்பிட்டிருப்பாள். நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் டாக்டர் வலது கையை எடுத்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சுண்டு விரலுக்குக் கீழ, உள்ளங்கை எலும்பு ஒடிஞ்சிருக்கு. பக்கத்து விரலுக்கும் அதே எடம்."

"விழுந்ததுல ஆயிருக்குமா?" என்றார் தாசில்தார்.

"விழுந்தா மணிக்கட்டுதான் சார் போவும். கைய மூடி ஓங்கிக் குத்தினாத்தான் இங்க ஒடியும். எதிராளியோட எலும்புல பட்டிருக்கு. ஒரு தடவ இல்ல. ஒடிஞ்ச அப்புறமும் குத்தியிருக்கா."

மண் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பயந்து, தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"தண்ணி வேணாம் டாக்டர். யார குத்தினா?"

"எலும்புல அது தெரியாதும்மா."

"மறுபடியும் ஒரு தடவ சொல்லுங்க."

"எத்த?"

"கைய."

சொன்னார். எழுதுகிறவனும் எழுதினதைப் படித்தான்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பப் புதைக்கச் சொன்னார்கள். கழுத்து எலும்பை மட்டும் டப்பாவில் போட்டு சீல் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். கையை அளந்து படம் எடுத்துக்கொண்டு, இங்கேயே வைத்துவிட்டார்கள். ஏழுமலை மண்வெட்டியை நீட்டினான். வேண்டாம் என்றேன். கையாலேயே தள்ளினேன். முதலில் கால் பக்கம், அப்புறம் நெஞ்சு, முகம். அந்தக் கை இருந்த பக்கத்தைக் கடைசியாக மூடினேன்.